ஒன்றரை மணித்தியாலம்

1948 ஜனவரி 4, ஞாயிறு

குஞ்சு, இன்றைக்கும் அந்தப் பிளேன் வீட்டுக்கு மேலால் போனது. வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாய்த் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவள், அது பலாலி இறங்குதளப் பக்கம் பதியும்வரை பார்த்தேன். வாடகைக் கார் ஓட்டுகிற மார்க்கண்டு அண்ணையைக் கேட்டேன். கொழும்பில் இருந்து இருநூறு மைலாம். ஒன்றரை மணித்தியாலத்தில் வந்துவிடுமாம்.

பிள்ளைப்பேற்றில் உனக்குக் கடுமை என்று தந்தி கிடைத்த அன்று நான் இரவு முழுக்க மெயில் ரயில் கோச்சியில் குந்தியிருந்தேன். விடியக் கொழும்பில் போய் இறங்கினால், முதல்நாள் பின்னேரமே உன்னைச் சுடலைக்கு எடுத்துவிட்டார்கள். பெற்ற மகளின் முகம்கூடப் பார்க்கவில்லை. அடுத்த மாதம்தான் இந்தப் பிளேன் ஓடத் தொடங்கியது. ஒரு மாதம் முந்தியிருக்கக் கூடாதோ?

ஜனவரி 7, புதன்

உன் புருசன் தில்லைநாதன் கடிதம் போட்டிருக்கிறார். உன் பிள்ளையை என்னிடம் தரச் சம்மதம். அவருடைய அக்கா மகாதேவிக்கு ஐந்து பிள்ளைகள். ஆறாவதாய் இவனையும் பார்க்கிறா, பாவம். ஆனால் நிறை குறைந்து பிறந்தவனுக்கு ஒரு இரவு கோச்சிப் புகையும் குளிரும் ஆகாதென்று டாக்குத்தர் சொல்லிவிட்டாராம். 16ஆம் திகதி வெள்ளிக்கிழமைதான் லீவு, பிளேனில் கொண்டுவரவோ என்று கேட்கிறார். இல்லையென்றால் மகாதேவியே வளர்க்கட்டுமாம்.

பச்சைப் பிள்ளையை அந்தரத்தில் ஏற்றுவதோ?

ஜனவரி 9, வெள்ளி

சாத்திரியாரிடம் போனேன். பிளேன் பத்தரைக்கு எழும்பிப் பன்னிரண்டுக்கு இறங்கும். வெள்ளிக்கிழமை ராகுகாலமும் அதே பத்தரை, அதே பன்னிரண்டு.

“கோச்சியெண்டால் நேரம் பாத்து ஏறலாம், நடுவிலை ராகு வந்தாலும் பரவாயில்லை. உது ஏறுறதும் இறங்குறதும் ராகுவுக்கை எல்லோ, பிள்ளை” என்றார்.

வழியில் மார்க்கண்டு அண்ணைக்குச் சொன்னேன். அவர் பகிடி விட்டார்: “ராகு கீழை நிண்டு அண்ணாந்து பாக்கட்டும். பேரன் மேலாலை வந்திடுவான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

வேண்டாம் என்று எழுதவோ? எழுதினால் அவன் மகாதேவியைத்தான் அம்மா என்பான். எழுதாமல் விட்டு, ஏதும் நடந்தால் — ஐயோ, நான் என்ன செய்ய.

ஜனவரி 12, திங்கள்

உன்னிடம் வர வெளிக்கிட்ட அன்றும் நல்ல நேரம் பார்த்துத்தான் படலை தாண்டினேன். என்ன கண்டேன்?

தபால் கந்தோருக்குப் போய்த் தந்தி அடிப்பித்தேன். கொண்டுவரட்டும்.

ஜனவரி 14, புதன்

பொங்கல். எங்களுக்கு இந்த வருடம் இல்லை. அடுத்த வளவில் வெடி கொளுத்தினார்கள். இங்கே என் இருமல் மட்டும்.

ஜனவரி 16, வெள்ளி

பன்னிரண்டு கழிந்தும் காணவில்லை. பலாலியில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் சந்நிதி முருகனைக் கூப்பிட்டபடியே இருந்தது. மார்க்கண்டு அண்ணை ஒரு பகிடியும் விடவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

பிறகுதான் இரைச்சல் கேட்டது.

மருமகன் வெளிறிப்போய் இறங்கி வந்தார். சட்டையெல்லாம் வாந்தி. “பிள்ளை நல்ல நித்திரை, மாமி. வழி முழுக்கச் சத்தி எடுத்தது நான்தான்.”

கையில் வாங்கினேன். பூனைக்குட்டிப் பாரம். காதுக்குள் வைத்திருந்த பஞ்சை எடுக்கக் கண்ணை விழித்தான். உன்ரை நெத்தி, குஞ்சு, அப்பிடியே உன்ரை நெத்தி.

காரில் வரும்போது, என்ன பேர் வைத்தீர்கள் என்று கேட்டேன்.

“இன்னும் வைக்கேல்லை, மாமி. அவள் ஒண்டு யோசிச்சு வைச்சிருந்தவள். பிறந்தாப் பிறகு சொல்லுறன் எண்டவள்.”

இப்போது என் பக்கத்தில் பாயில் கிடந்து காலை உதைக்கிறான். கூப்பிட வாய் எடுக்கிறேன், வருகுதில்லை. என்ன பேர், குஞ்சு, நினைச்சு வைச்சிருந்தனி?