நடுராத்திரியில் அடித்த ஐந்து மணி

உங்கள் காக்கிக் கோட்டை இன்றைக்கு வெயிலில் போட்டேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது, எத்தனை தரம் துவைத்தாலும் அந்த லாந்தர் மண்ணெண்ணெய் வாசம் போவேனா என்கிறது. முகத்தில் வைத்து மோந்து பார்த்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்புத்தான் வந்தது. நீங்கள் பண்ணின கூத்து ஞாபகம் வந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

அப்போது நீங்கள் மஹய்யாவையில், நம் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே இருந்த தேயிலை ஸ்டோரில் ராக்காவல். வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டில் மணிக்கு மணி அடிப்பீர்கள். நம் வீடுகளில் கடிகாரம் ஏது? தெருக் கூட்டப் போகிறவர்கள் எழுந்திருப்பதும், தேத்தண்ணிக் கடையில் அடுப்புப் பற்றுவதும் உங்கள் ஐந்து மணிக்குத்தான்.

மகள் பிறந்த மாதம் அது. அதற்கு முன்னால் மூத்தவனை வயிற்றோட்டத்தில் மண்ணுக்குக் கொடுத்தவள் நான். அதைக் கேட்ட ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி, "ராத்திரி பத்து அடிச்சா அப்புறம் பால் குடுக்காத. அஞ்சு அடிச்சாத்தான் எடுக்கணும். அழுதா அழட்டும், புள்ள வயிறு ஓயணும்" என்று சொல்லி அனுப்பினார். அது எனக்குச் சாமி வாக்காகிவிட்டது.

"புள்ள பசியில கத்துது, எடுத்துக் குடுத்தா என்ன?" என்றீர்கள் நீங்கள்.

"மூத்தவனுக்குக் கேட்ட நேரமெல்லாம் குடுத்துத்தானே பறிகுடுத்தோம்? இவளையும் கொல்லச் சொல்றீங்களா?"

லாந்தரை எடுத்துக்கொண்டு காவலுக்குப் போய்விட்டீர்கள்.

ராத்திரியெல்லாம் மாரில் பால் கட்டி உயிர் போகும். ரவிக்கை நனையும். அவள் தொட்டிலில் கத்துவாள், நான் காதைப் பொத்திக்கொண்டு உங்கள் மணிக்குக் காத்திருப்பேன். விடியும்போது கத்திக் களைத்த பிள்ளை இரண்டு வாய் இழுத்துவிட்டுத் தூங்கிப்போகும். கை காலெல்லாம் குச்சியாகிவிட்டது, பாலும் வற்றத் தொடங்கியது. இவளும் போய்விடுவாள் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் மிஸ்ஸி சொல்லை மீற மனசு வரவில்லை. பயம், வேறென்ன!

ஒரு ராத்திரி மழை விட்டிருந்தது. பிள்ளையின் அழுகை முனகலாகி, அதுவும் நின்றுபோனது. அதுவரை அடித்ததை எண்ண எனக்கு நினைவில்லை, கொஞ்ச நேரத்தில் ஸ்டோரில் டங், டங்கென்று ஐந்து அடித்தது. பாய்ந்து போய் வாரி எடுத்தேன். அம்மாடி, என்ன இழுப்பு இழுத்தாள்! குடித்துக் குடித்து என் மாரிலேயே தூங்கிப்போனாள். நானும் அப்படியே அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டேன்.

அப்போது உண்மையில் மணி ஒன்று! கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்த நீங்கள், பிள்ளையின் சத்தம் நின்றதும் பொறுக்க மாட்டாமல் அடித்துவிட்டீர்கள். விளக்குமாறும் கையுமாக இருட்டில் இறங்கி வந்தவர்கள் உங்களைப் பிடித்துக்கொண்டார்களாம். "ஏம்ப்பா, கோழிகூடக் கூவல, ஒனக்கென்ன பைத்தியமா?" விஷயத்தைச் சொன்னதும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். விடியற்காலையில் மறுபடியும் ஐந்து அடித்தீர்கள், அது என் காதில் விழுந்தால்தானே! மறுநாளும் மஹய்யாவையில் இரண்டு தரம் விடிந்தது. ஊருக்கே தெரிந்தது, எனக்கு மட்டும் தெரியாது.

கலஹாப் பக்கம் தோட்டம் பார்க்கப் போயிருந்த ஸ்டோர் துரை மூன்றாம் நாள் திரும்பி வந்ததுதான் வினை. உங்கள் மணியை நம்பி, பங்களாச் சமையல்காரர் நடுராத்திரியில் தேத்தண்ணியோடு போய் துரையை எழுப்பிவிட்டார்! காலையில் கூப்பிட்டு ஏன் அடித்தாய் என்று துரை குதித்தபோது, கையைக் கட்டிக்கொண்டு நின்று நீங்கள் சொன்ன பதிலை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. "என் புள்ளைக்கு அப்பவே விடிஞ்சிருச்சுங்க, துரை."

வேலை போனது. சிரித்தபடி வந்து எல்லாவற்றையும் சொன்னீர்கள்.

"அறிவிருக்கா ஒங்களுக்கு? சோத்துக்கு என்ன பண்றது?" என்று கத்தினேன். பிறகு மடியில் கிடந்தவளைப் பார்த்தேன். மூன்று ராத்திரி நடுச்சாமத்தில் குடித்தும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண் தெளிந்து, காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள். அப்படியென்றால் மூத்தவன் என் பாலால் சாகவில்லை! அதற்குத்தான் அழுதேன், சிரித்தேன், இரண்டையும் சேர்த்துச் செய்தேன். அன்று ராத்திரியிலிருந்து அவள் வாய் திறந்த நேரமெல்லாம் கொடுத்தேன்.

நீங்கள் மடவளை ஊர் முதலாளி ஒருவரின் கடையில் மூட்டை தூக்கப் போனீர்கள். அடுத்த மாதம் நாம் இரண்டு பேரும் போய் ஆஸ்பத்திரித் தராசில் இவளைப் போட்டதும் மிஸ்ஸிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பாத்தியா, நேரத்துக்குக் குடுத்தா எப்படித் தேறிட்டா!" என்றார்.

"ஆமாங்க மிஸ்ஸி, மணி அடிச்சுத்தான் குடுத்தோம்" என்றீர்கள், முகத்தில் ஒரு சிரிப்பு இல்லாமல். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

அவள் இப்போது எனக்கு மேலே வளர்ந்துவிட்டாள். குரல் மட்டும் உங்கள் தண்டவாளத் துண்டேதான், தண்ணீர்ப் பைப்படியிலிருந்து கூப்பிட்டால் லயமே திரும்பிப் பார்க்கிறது. ஸ்டோர் மணியை இப்போது வேறு யாரோ நேரம் தவறாமல் அடிக்கிறார்கள், அடிக்கட்டும். ஆனால் இந்த லயத்தில் எந்த வீட்டில் பச்சைப்பிள்ளை ராத்திரியில் அழுதாலும், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாராவது கத்துவார்கள். பெரும்பாலும் நான்தான்.

"அடியே, அஞ்சு அடிச்சிருச்சு! எடுத்துக் குடு!"