மலை மறைக்கவில்லை

வெள்ளி, 3 ஜூலை 59
காலையிலிருந்து சாரல். துவைத்த சேலை நாலும் ஈரம். ஒன்பதாம் வகுப்புக்கு ஒளிவிலகல், பாதிதான் முடிந்தது.

அடுத்த வீட்டு பாத்திமாவின் புருஷன் சிங்கப்பூரில் ஜவுளிக்கடையில். ஞாயிறு மாலை, நம் மணிக்கு ஏழு, அங்கத்திய தமிழ் நிகழ்ச்சியில் பேசப்போகிறாராம். சிற்றலை 41 மீட்டர். மகள் சுலைகா பிறக்குமுன்னே கப்பலேறியவர். பிள்ளை அத்தா குரலைக் கேட்டதே இல்லை.

பாத்திமாவின் அண்ணன் மைதீன் பாட்டரி ரேடியோ கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஜும்மா முடிந்து நாலைந்து பேராக வந்து திருகினார்கள். வெறும் இரைச்சல்.

மைதீன் சொன்னார்: "மலை மறைக்குது. குத்தாலத்துக்குக் கொண்டுபோயி மேல ஏத்திருவோம்."

மலை மேற்கே, சிங்கப்பூர் கிழக்கே. சீசன் வந்துவிட்டால் எதற்கும் குற்றாலம்தான் இவர்களுக்கு.

சனி
மைதீன் அண்ணாச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். "உசரம் வேண்டாம் அண்ணாச்சி. அலை வானத்துல ஒரு அடுக்குல பட்டுத் திரும்பி இங்கன இறங்குது. பகல்ல அதுக்குக் கீழ இன்னொரு அடுக்கு இருந்து முழுங்கிருது. பொழுது சாஞ்சா அது போயிரும்."

"வானத்துல ஓட்டுக்கூரையா போட்டிருக்கு, டீச்சர்?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல். வண்டி பேசியாச்சாம், நாளை நாலு மணிக்கு.

பாத்திமா தனியாக வந்தாள். "நெசமா இங்கனயே கேக்குமா அக்கா?" கேட்கும் என்றேன். சொன்ன பிறகு பழைய பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.

அரைமணி கழித்துச் சுவருக்கு அப்பால் அவள் குரல்: "அவரு என்கிட்டதான் பேசுதாரு. ரேடியோ இந்த வீட்டை விட்டுப் போகாது." அண்ணனை எதிர்த்துப் பேசி இதுவரை கேட்டதில்லை.

ஞாயிறு
மழை இல்லை. உளுந்து நனைக்க மறந்தேன். பாடப்புத்தகத்தை மறுபடி புரட்டினேன், சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆறு மணி, பாத்திமா வீட்டில்: இரைச்சல். அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். மஃரிப் தொழப் போனார்கள், வந்தார்கள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

ஏழு. தமிழ்! அப்புறம் ஆண் குரல். "தென்காசியில இருக்க பாத்திமாவுக்கும்..." தேய்ந்தது. அண்ணாச்சி கை திருகுக்குப் போனது.

"தொடாதீங்க. தானா வரும்" என்றேன்.

வந்தது. "...மக சுலைகாவுக்கும் ஸலாம். நல்லா இருக்கேன்."

சுலைகா ரேடியோவுக்கு முன்னால் போய் நின்று, "நானும் நல்லா இருக்கேன் அத்தா" என்றாள். பாத்திமா சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான். இவ்வளவு சந்தோஷம் பி.எஸ்ஸி. பாஸானபோதுகூட இல்லை.

கிளம்பும்போது அண்ணாச்சி வாசலில் வானத்தைப் பார்த்தபடி, "அந்த ஓட்டுக்கூரை எவ்வளவு உசரத்துல இருக்கு, டீச்சர்?"

நாளைக்குச் சொல்லுதேன் என்றேன். ஒரு ராத்திரி காத்திருக்கட்டும்.