ஆதரவுப் பட்டியலில் பதினேழாவது பெயர்

என் அருமை வசந்தியக்கா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. முதலில் உனக்குப் பிடித்த செய்தியைச் சொல்கிறேன். உன் எலுமிச்சை மரம் இந்தக் குளிர்காலத்தில் காய்த்துத் தள்ளிவிட்டது. உன் மகள் ஆரணி பைபையாகக் கட்டித் தன் வேலையிடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். இரண்டாவது செய்தியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நீ ஒரு ஜனாதிபதி வேட்பாளருக்குப் பகிரங்க ஆதரவு தெரிவித்திருக்கிறாய்.

ஊரில், இலங்கையில், தேர்தல் வருகிறது. கட்சி எதிலும் சேராமல் சுயேச்சையாக நிற்கிற அந்த ஓய்வுபெற்ற நீதிபதியை உனக்கு நினைவிருக்கும். 'நான் ஒரு பழமைவாதி' என்று வெட்கப்படாமல் சொல்கிற மனிதர். போன மாதம் அவருக்கு ஆதரவாக ஓர் அறிக்கை வாட்ஸப்பில் சுற்றியது. இங்கே நியூசிலாந்தில் இருக்கிற ஓக்லாந்துத் தமிழர் நாற்பத்திரண்டு பேரின் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு வரி. பதினேழாவதாக நீ: 'அமரர் திருமதி வசந்தி சிவபாலன், மருந்தாளர், பாபகூரா. இவரை நான் ஆதரிக்கிறேன்.'

நாற்பத்திரண்டு பேரில் ஒருவருக்கும் அங்கே வாக்கில்லை. உனக்கு உயிரே இல்லை. இறந்தவர் எப்படி ஆதரிக்க முடியும் என்று பட்டியல் போட்டவருக்குத் தோன்றவில்லையா? நான் அதைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் எனக்கு முதலே ஆரணி அதைப் பார்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பாட்டு மேசையில் போனை வைத்தாள். இருபத்துநாலு வயதுப் பெண். என்னோடு ஆங்கிலத்தில்தான் கதைப்பாள், உனக்குத் தெரியும். அன்று தமிழில் கேட்டாள்.

"சித்தி, அம்மா உண்மையா இந்த ஆளை விரும்பினவவா?"

தெரியாது என்றேன். குடும்பம் பிரிவதுதான் நாட்டின் முதல் நோய் என்று அவர் பேசிய காணொளியை அவள் பார்த்திருந்தாள்.

"அப்ப அப்பாவை விட்டிட்டு வந்தது பிழையெண்டு அம்மா கடைசியில நினைச்சிட்டாவோ? பேருக்குப் பின்னாலயும் அப்பான்ர பேர்தான் நிக்குது."

அக்கா, இந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்வது? நீ அவளைக் கையில் பிடித்துக்கொண்டு நியூ லினில் நான் வாடகைக்கு இருந்த ஓர் அறை ஃபிளாட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. ஒரு சூட்கேஸ், பள்ளிப் பை, சோறு அவிக்கிற குக்கர். வங்கியிலும் வேலையிடத்திலும் அந்த மனிதனின் பெயரை எடுத்துவிட்டு எங்கள் அப்பா நடராசாவின் பெயரைப் போட்டுக்கொள்ள உனக்கு ஒரு வருடம் பிடித்தது. மருந்துக்கடையில் நெஞ்சில் குத்துகிற பெயர்ப் பட்டையை மாற்றிய அன்று கேக் வாங்கி வந்தாய். அந்தக் கேக்கின் மேலிருந்த செரிப்பழத்துக்கு ஆரணி அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அவளுக்கும் நினைவிருக்கும்.

நீ இதில் கையெழுத்திட்டிருக்க மாட்டாய் என்றுதான் நான் முடிவு கட்டினேன். ஒரு தாளில் பெயர் இருப்பதற்கும் அந்த ஆள் சம்மதித்ததற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பார்ப்பதுதானே மனுகாவ் சட்ட அலுவலகத்தில் என் வேலை.

அடுத்த நாள் பாபகூரா ஸ்டேஷனில் சரோஜா அன்ரியைக் கண்டேன். பட்டியலைப் பற்றி வாய் திறக்கும் முன்பே அவ தொடங்கிவிட்டா.

"நீரே சொல்லும் நந்தினி. இருபத்தாறு வருசமா இஞ்சை இருக்கிறன். என்ர பேரை ஏன் விட்டவை?"

"நீங்கள் அவருக்கு ஆதரவோ, அன்ரி?"

"ஆருக்கு? அந்த நீதவானுக்கோ? ஒருக்காலும் இல்லை. ஆனா கேட்டிருக்க வேணுமெல்லே. நான் மாட்டனெண்டு சொல்லியிருப்பன். அது வேற."

நீ பக்கத்தில் நின்றிருந்தால் என் கையைக் கிள்ளியிருப்பாய்.

பட்டியலைத் தொகுத்தவர் மகேந்திரன் அண்ணை என்று சொன்னதும் சரோஜா அன்ரிதான். அவரைப் பார்க்கப் போனேன். இன்னும் நியூ லினில், ஸ்டேஷனுக்கு மேலே, அதே வீடு. மகள் போட்ட இஞ்சித் தேநீரோடு மடிக்கணினியையும் கொண்டுவந்து வைத்தார். நான் நேரே கேட்டேன்: ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் பெயரைப் போட்டீர்களா?

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"கேக்கிறதோ? தங்கச்சி, கலியாண அழைப்பிதழில பேர் போடேக்கை நாங்கள் ஆரையும் கேக்கிறமே? மரண அறிவித்தலில கேக்கிறமே? போட்டால் ஒருத்தரும் கோவிக்கிறேல்லை. விட்டால்தான் கோவிப்பினம். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பழைய பரிசளிப்பு மலர் ஒண்டு கிடந்தது. உதவி செய்த ஆக்களின்ர பேர் எல்லாம் அதில ஒழுங்கா இருந்தது. எடுத்துப் போட்டனான்."

"போட்ட பிறகு ஒருத்தரும் எடுக்கச் சொல்லேல்லையோ?"

"எடுக்கச் சொன்னால் நான் என்ன நினைப்பனெண்டு இருப்பினம்."

'சிவபாலன்' எங்கிருந்து வந்தது என்று அப்போது விளங்கியது. அந்த மலர் வந்த காலத்தில் நீ அந்த மனிதனின் வீட்டில் இருந்தாய். அமரர் என்று போட்டது ஏன் என்று கேட்டேன்.

"அது போடாட்டி மரியாதை இல்லையே, பிள்ளை."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நிம்மதியும் வந்தது. உன் பெயரும் அந்த நாற்பத்தொன்றைப் போல யாரும் கேட்காமல் போட்டது. ஆரணிக்கு இதைச் சொன்னால் போதும். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

"ஆனா வசந்தியின்ர கதை வேற," என்றார் அவர். "அவ தானா எழுதி அனுப்பினவ. உண்மையைச் சொன்னால், எழுதித் தந்தது அவ ஒராள்தான். மற்ற ஆக்களுக்கு அவவின்ர முதல் வரியைத்தான் நான் திருப்பித் திருப்பிப் போட்டது."

போனில் தேடி எடுத்துக் காட்டினார். நீ ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்திய வாரம் அனுப்பியிருக்கிறாய். நான் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தேன்.

'இவரை நான் ஆதரிக்கிறேன். தன்னைப் பழமைவாதி என்று அவரே சொல்கிறார். மற்றவர்கள் அதை ஒளித்து வைத்துக்கொண்டு வாக்குக் கேட்கிறார்கள். கட்சி இல்லாதவர், பிழை விட்டால் யாரையும் சாட்ட முடியாது. குடும்பத்தைப் பற்றி அவர் சொல்வதோடு எனக்கு உடன்பாடில்லை. இணையக் கூட்டத்தில் அதைக் கேட்டேன். பிரிவது சரியென்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் சட்டம் போட்டுத் தடுக்கவும் மாட்டேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் கணவனை விட்டு வந்தவள், அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. இது முழுவதையும் போடுவதென்றால் மட்டும் என் பெயரைப் போடுங்கள். வசந்தி நடராசா.'

"மிச்சத்தை ஏன் வெட்டினீங்கள், அண்ணை?"

"ஆளுக்கு ஒரு வரிதான் இடம், தங்கச்சி. பிறகு, ஆதரவுப் பட்டியலுக்குள்ள உடன்பாடில்லையெண்டு போட்டால் சனம் குழம்பாதோ?"

"முழுக்கப் போடாட்டி பேரைப் போட வேண்டாமெண்டு எழுதியிருக்கிறாவே."

அவர் மடிக்கணினியில் பட்டியலைத் திறந்தார். கெட்ட மனிதர் இல்லை, அக்கா. உன் கடைசி நாட்களில் சூப் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போனவர் அவர்தான் என்று அன்றுதான் அறிந்தேன். "அப்ப எடுத்துவிடுறன்," என்றார். என் முன்னாலேயே எடுத்தார். பதினெட்டு பதினேழாகியது.

வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியாமல், நீ எழுதியதை ரயிலில் இருந்தே ஆரணிக்கு அனுப்பினேன். உடனே போனில் அழைத்தாள். அழுகிறாளோ என்று பார்த்தால் சிரிப்பு.

"ஆதரிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு அந்த ஆளோட சண்டையும் பிடிச்சிருக்கிறா," என்றாள். பிறகு, "ஒருநாளும் வருந்தியதில்லை எண்டதைத் திருப்பி வாசியுங்கோ, சித்தி. என்ர தமிழ் சரியோ தெரியேல்லை."

வாசித்தேன். ரயில் பெட்டியில் எல்லோரும் கேட்கிற மாதிரித்தான் வாசித்திருப்பேன் போலிருக்கிறது.

பெயரை எடுப்பித்துவிட்டேன் என்று சொன்னபோது அவளுக்கு அது பிடிக்கவில்லை. "எடுக்கச் சொல்லி அம்மா எழுதேல்லையே. முழுக்கப் போடச் சொல்லித்தானே எழுதினவ. நீங்கள் பத்திரிகையில எழுதிற ஆள்தானே சித்தி, எங்கையாவது போடுங்கோ."

அதனால்தான் பத்திரிகைக்குப் போகும் இந்தக் கடிதத்தில் உன் வரிகள் மேலே முழுவதும் இருக்கின்றன, ஒரு சொல்லும் குறையாமல், உன் சொந்தப் பெயரோடு. எனக்கு அந்த நீதிபதியில் எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. கட்சி இல்லாதவரால் யாரையும் சாட்ட முடியாது என்கிறாய். கட்சி இல்லாதவரால் எதையாவது செய்ய முடியுமா என்பது என் சந்தேகம். இப்படிப்பட்டவருக்கான ஆதரவை என் கையாலேயே அச்சுக்கு அனுப்புகிறேன். நீ கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.

நீ ஏன் என்னைக் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். போன வருடம் மனுகாவ் மாலில் காப்பி குடிக்கும்போது, "நந்தி, அந்த நீதவான் கதைக்கிறதைக் கேட்டனியோ?" என்று நீ தொடங்கினாய். நான் சிரித்தேன். "உனக்கு வேற ஆள் கிடைக்கேல்லையோ?" என்றேன். நீ சீனிப் பொட்டலத்தைக் கிழித்துக் காப்பியில் போட்டுக்கொண்டு, எதிர்க்கடையில் சப்பாத்து என்ன விலை போகிறது என்று கதைக்கத் தொடங்கினாய். நான் அந்த ஒரு நிமிடம் சிரிக்காமல் இருந்திருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்? உனக்கு உடன்பாடில்லாத ஒருவரிடம் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எது? முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னது மட்டும்தானா? அவ்வளவு காலம் உன் முகத்தைப் பார்த்து ஒருவரும் பதில் சொல்லவில்லையா? நான்கூடவா?

வருகிற சனிக்கிழமை அங்கே வாக்களிப்பு. முடிவு வரும் நாளில் ஆரணி என் வீட்டுக்கு வருகிறாள், எலுமிச்சையும் கொண்டுவருவாள். அவருக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்று கடைசி மாவட்டம் வரை இருந்து பார்ப்போம். அது எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் சிரிக்க மாட்டேன், அக்கா. இது சத்தியம்.

என்றும் உன் ஒரே தங்கை,
நந்தினி நடராசா