காது மிஷின் தெரிகிற பக்கம்

என் செல்ல மகளுக்கு,

உன் அண்ணன் மகள் நீச்சலில் கோப்பை வாங்கினாள். அக்கா மகன் பஸ் ஓட்ட லைசென்ஸ் எடுத்துவிட்டான். உன் பெரியவனோ மூளைக்காய்ச்சலையே விரட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்தான். அவனுக்குத்தான் முதல் பரிசு.

மழையில் விளையாட விட்டதால்தான் வந்தது என்று இன்னும் அழுகிறாயாமே, அசடு! அவனுடைய ரத்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நானும் போய் ரத்தம் சோதித்துக்கொண்டேன்.

"பாட்டி, அந்தக் கிருமியை அடக்குற சத்து பேரன் ரத்தத்துல பிறவியிலேயே இல்ல. உங்ககிட்டேருந்து மகளுக்கு, அவங்ககிட்டேருந்து பையனுக்கு வந்த குறை" என்றார் டாக்டர்.

"மூக்கையும் நான்தான் குடுத்தேன், அதையும் எழுதிக்குங்க" என்றேன்.

இளையவனுக்கும் சோதித்துத் தடுப்பூசி போட்டுவிடு.

நீ அனுப்பிய போன படத்தில், காய்ச்சலில் காது மந்தமானதற்கு வைத்த காது மிஷினை மறைக்கப் பெரியவனைத் திருப்பி நிறுத்தியிருந்தாய். அது தெரிகிற பக்கமாகப் புதுப்படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு.

மூக்கும் கொடுத்த
உன் அம்மா