வேனுக்குப் பூசை

ஆடி வெள்ளி, இரவு.

இன்று வேன் பூசைக்கு நின்றவர்கள்: நான், மகன் முருகேசன், மருமகள் செல்வி, பேத்தி மீனா, பட்டறை சேவியர்.

வேனை கேஸில் ஓடுமாறு மாற்றியிருக்கிறான் முருகேசன். வண்டிக்கென்றே வரும் கம்பெனி கேஸ் கிட் போடச் சொன்னேன். "ரெண்டும் ஒரே கேஸ்தாம்மா" என்று அடுப்புச் சிலிண்டரைப் பின்சீட்டுக்கு அடியில் வைத்து, பட்டறையிலேயே குழாய் பொருத்திக்கொண்டான்.

அந்தச் சீட்டில்தான் மீனா உட்கார்ந்திருந்தாள். செல்வி சூடம் ஏற்றப் போனாள். நான் தீப்பெட்டியைத் தட்டிவிட்டேன்.

"கேஸ் வாடை அடிக்குதுலே!"

"உனக்கு எப்பவும் சந்தேகந்தாம்மா" என்று சிரித்தான் முருகேசன்.

சேவியர் தலையைக் குனிந்தான். "காலையிலயே கசியுதுன்னு சொன்னேம்லா அண்ணாச்சி. பூசை முடியட்டும்னு சொல்லிட்டீய."

பேத்தியை வேனிலிருந்து வெளியே தூக்கினேன். சேவியர் சொல்லவாவது செய்தான். தெரிந்தே பிள்ளையை உள்ளே உட்காரவைத்தவனை நான் மன்னிக்க மாட்டேன். நான் பெற்ற முருகேசனை.