பதினான்காம் எண் குப்பியின் சளி

அனுப்புநர்:
சே. ஜானி பாஷா, வயது 59,
சாம்பிராணி போடும் தொழில்,
பேகோபுரத் தெரு, திருவண்ணாமலை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், வேங்கிக்கால்.

பொருள்: சளி ஆராய்ச்சி என்ற பெயரில் என்னை நோயாளி ஆக்கிய மாணவி மீது விசாரணை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முப்பத்திரண்டு வருடமாக வியாழன், வெள்ளிகளில் தேரடித் தெருக் கடைகளுக்குச் சாம்பிராணிப் புகை போட்டுப் பிழைக்கிறேன். சென்ற நவம்பரில், முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் சைலஜா என்பவர் வந்தார். மனித நுரையீரலில் சளி எப்படி நகர்கிறது என்று ஆராய்வதாகவும், புகையில் நிற்பவர்களின் சளி வேண்டும் என்றும் கேட்டார். டாக்டர் படிப்பா என்றேன். இல்லை, இயற்பியல் என்றார். இயற்பியலுக்குச் சளியில் என்ன வேலை என்று அன்றே உறுத்தியது. கோயில் குருக்கள் வீட்டுப் பெண் என்பதால் மறுக்கவில்லை.

2. உப்புத் தண்ணீரை ஆவியாக்கும் கருவியும் குப்பிகளும் கொடுத்தார். வெள்ளி காலை வீட்டிலேயே அந்த ஆவியை இழுத்து, இருமித் துப்பி வைக்க வேண்டும். குப்பியில் என் பெயர் இல்லை, 14 என்ற எண் மட்டும். சளிக்குள் இரும்புத் துகளைப் போட்டுக் காந்தத்தால் இழுத்துப் பார்ப்பார்களாம். இதையெல்லாம் யார் நம்புவது?

3. இம்மாதம் 11ஆம் தேதி சைலஜா என்னிடம், நகைக்கடை மூர்த்தி ஐயா காதுபட, "பாய், மார்ச் மாசம் நீங்க குடுத்த சளி எதுவும் நகரவே மாட்டேங்குது. நான் டாக்டர் இல்லீங்க, ஆனா உடனே எக்ஸ்ரே எடுத்துடுங்க" என்றார். அடுத்த வாரமே மூர்த்தி ஐயா புகை வேண்டாம் என்றுவிட்டார். மேலும் நான்கு கடைக்காரர்கள் புகையை நிறுத்திவிட்டார்கள். எனக்கோ ஒரு இருமல்கூடக் கிடையாது. வாசனை ஸ்பிரே விற்பவர்கள் யாரோ இந்தப் பெண்ணின் பின்னால் இருப்பதாக ஐயப்படுகிறேன்.

4. இம்மனுவை எழுதித் தரும் அருணாதேவி அம்மாள், குப்பி கொடுத்த தேதிகளைக் கேட்டார். மார்ச் 7, 14, 21, 28 என்று சொல்லும்போதே எனக்கு உண்மை உறைத்தது. மேலே எழுதியதை அடிக்காமல் தொடரச் சொன்னேன். அது ரமலான் மாதம். நோன்பு வைத்துக்கொண்டு அந்த ஆவியை இழுக்கக் கூடாது. கொடுத்த வாக்கும் தவறக் கூடாதென்று, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் உம்மே ஹானியை இழுத்துத் துப்பச் சொன்னேன். பால் கொடுப்பதால் அவள் நோன்பு வைக்கவில்லை. யார் சளியானால் என்ன என்று நினைத்து, சைலஜாவிடம் சொல்லாமல் விட்டேன்.

5. அப்போதே அவள் இருமிக்கொண்டுதான் இருந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு, சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். பெருநாள் முடிந்து, மூன்று மாதக் குழந்தையுடன் செங்கத்தில் கணவர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

6. ஆகவே விசாரணை எதுவும் வேண்டாம். கடைகள் கைவிட்டுப் போன கோபத்தில் சைலஜாவை நடுத்தெருவில் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். இப்போது அவர் என் போனை எடுப்பதில்லை. தாங்கள் ஒரு வார்த்தை சொல்லி, மார்ச் மாத முடிவுகளை இன்றே வாங்கித் தரவும், அரசு மருத்துவமனையில் என் மகளை உடனே பார்க்க ஏற்பாடு செய்யவும் கையெடுத்துக் கேட்கிறேன். வரிசையில் என் முறை வரும்வரை நிற்க முடியவில்லை. அருணாதேவி அம்மாள் மனுவைச் சேர்ப்பார். நான் செங்கம் பஸ்ஸுக்குப் போகிறேன்.

நாள்: 21.04.2025
இடம்: வேங்கிக்கால்

(ஒப்பம்)
சே. ஜானி பாஷா,
உம்மே ஹானியின் தகப்பன்.