வெற்றுப் பக்கம் என்று எழுதிய நான்கு

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே அனல் காற்று. நயினார்கோவில் பஸ்ஸில் இடமில்லை, ராமநாதபுரம் வரை நின்றே வந்தேன். இன்று அலுவலகத்தில் ஸ்கேன் செய்தவை: பழைய மலேரியா அறிக்கை, கிணற்றுக்கு மருந்து போடும் முறை, பெண்கள் நலச் சிறுபுத்தகம். கடையில் கிடைக்காதவையாம். இணையத்தில் ஏற்றினால் யாரும் படிக்கலாமாம்.

சிறுபுத்தகத்தில் 31 முதல் 34ஆம் பக்கம் வரை படங்கள். வெள்ளைப்படுதல், அரிப்பு, புண். பக்கத்து மேசையில் முருகேசன் அண்ணன். திரையில் பெரிதாகத் தெரியும். நான்கையும் ஸ்கேன் செய்யாமல் சேர்த்துப் புரட்டிவிட்டேன். பதிவேட்டில் ‘வெற்றுப் பக்கம்: 4’ என்று எழுதினேன்.

ஜூலை 9, புதன்

டிபன் டப்பாவில் குழம்பு கொட்டிப் பை நாசம்.

பொறுப்பாளர் செல்வி அக்காவுக்கு மாரியூர் நர்ஸ் போன். கடல்பாசி எடுக்கும் பெண்கள் நாள் முழுக்க ஈரத் துணியோடு இருக்கிறார்களாம். உபாதை உண்டு, வாய் திறப்பதில்லையாம். படத்தைக் காட்டிப் பேசலாம் என்றால், நாங்கள் ஏற்றிய சிறுபுத்தகத்தில் அந்தப் பக்கங்களைக் காணோமாம்.

அக்கா பதிவேட்டையும், திரையில் உள்ளடக்கப் பக்கத்தையும் பார்த்தார். “வெத்துப் பக்கத்துக்கு உள்ளடக்கத்துல தலைப்புப் போட்டவன் கெட்டிக்காரந்தான்.”

நானும் சிரித்தேன். சீ.

ஜூலை 10, வியாழன்

புத்தகங்களைக் கொடுத்தவர் வீட்டுக்கே கட்டு நாளை திரும்புகிறது. நான்கு மணிக்குச் சொன்னேன்.

“அக்கா, அது வெத்துப் பக்கமில்ல. நாந்தான் தாண்டிட்டேன்.”

“ஏன்டி?”

“படம் இருந்துச்சு.”

“படம் இருந்தா?”

கண் பக்கத்து மேசைக்குப் போனது. முருகேசன் அண்ணன் தலை நிமிரவே இல்லை. அக்கா திட்டியிருக்கலாம். “புத்தகக் கட்டை அவுழு” என்றார், அவ்வளவுதான்.

ஜூலை 11, வெள்ளி

வந்ததும் நான்கையும் ஸ்கேன் செய்து நர்ஸுக்கு அனுப்பினேன். பதினொரு மணிக்கு அவரே போன்: “இங்கன நெட்டு இல்ல, படம் தொறக்க மாட்டேங்குது. பொம்பளைக வந்து உக்காந்துட்டாக. நீயே வாசி தாயி, ஸ்பீக்கர்ல போடுறேன்.”

அக்கா போனை என் கையில் வைத்தார்.

வாசித்தேன். அங்கிருந்து ஒரு அம்மா: “ஏ புள்ள, ரகசியமா சொல்ற? சத்தமா வாசி, காத்து இரையுது.” அங்கே சிரிப்பு. முருகேசன் அண்ணன் எழுந்து, கடகடக்கும் ஃபேனை நிறுத்திவிட்டு வெளியே போனார்.

முதலிலிருந்து. ஈரத் துணி. அரிப்பு. நாற்றம் இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம்.

அங்கே சிரிப்பு நின்றிருந்தது. ஒருத்தி: “எனக்கு இப்படித்தான் இருக்கு. ஆறு மாசமா.” இன்னொருத்தி: “எனக்கும்.”

எனக்கும்தான். மார்கழியிலிருந்து. அடுத்த வரியை வாசித்தேன்.